எந்த டெர்மினல் எந்த சிஸ்டம்? பார்த்தவுடன் தெரிய ஏதாவது வழி உண்டா?

பிளேட்காரி எழுதியது:

வணக்கம். போனில் தமிழ் கீபோர்டில் தட்டுகிறேன். அதனால் கட்டளைப் பெயர்களும் தமிழ் எழுத்திலேயே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அப்படியே எழுதினாலும் எனக்குப் புரிந்துவிடும்.

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் இருக்கிறேன். டிசைன் முடிந்து வருகிற ஃபைலைப் பார்த்து, நாலு கலரும் ஒழுங்காகப் பிரிகிறதா என்று சரிபார்த்து, பிளேட் போடுகிற மெஷினுக்கு அனுப்புவது என் வேலை. அச்சில் 22 வருஷம், லினக்ஸில் 4 வருஷம். ஏற்கெனவே இருந்தவர் வேலையை விட்டுப் போனதும் சர்வர் என் தலையில் விழுந்தது. அப்படித்தான் டெர்மினல், அதாவது கட்டளை தட்டி வேலை வாங்குகிற விண்டோ, பழக்கம்.

என் மேஜையில் இருப்பது உபுண்டு 22.04. ஃபைல்கள் இருக்கிற சர்வரில் டெபியன், அதற்குத் திரை கிடையாது. எஸ்எஸ்எச் (இங்கிருந்தே வேறொரு சிஸ்டத்துக்குள் நுழைகிற கட்டளை) போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாடியில் பழைய சிஸ்டம் ஒன்று பேக்கப்புக்கு. ஆக எந்த நேரமும் மூன்று டெர்மினல் திறந்திருக்கும். மூன்றுக்கும் ஒரே கத்திரிப்பூக் கலர் பின்னணி, ஒரே வெள்ளை எழுத்து.

போன வாரம் நடந்தது இது. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் புது ஆல்பம் போட்டாகிவிட்டது, தினசரி காலண்டர் ஆர்டர் வந்து குவிகிற நேரம். என் சிஸ்டத்தில் சோதனைக்காக எடுத்து வைத்திருந்த 4217 என்கிற ஜாப் ஃபோல்டரை அழிக்க நினைத்தேன். ஆர்எம் போட்டு, ஃபோல்டர் பெயர் அடித்து, என்டரும் தட்டிவிட்டேன். தட்டிய அதே நொடியில் வயிற்றைக் கலக்கியது. அது என் சிஸ்டம் இல்லை, சர்வர். சர்வரிலும் 4217 என்றே ஒரு ஃபோல்டர் உண்டு, உண்மையான ஜாப் அதுதான். முந்தின ராத்திரி பேக்கப் இருந்ததால் பிழைத்தேன். ஆனால் அன்று பகலில் செய்த திருத்தம் அத்தனையும் போயிற்று. காலண்டரின் அடியில் கடைப் பெயரும் போன் நம்பரும் வருமே, அந்தப் பட்டை 12 கடைகளுக்கு. ராத்திரி 11 மணி வரை உட்கார்ந்து மறுபடி அடித்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை. இங்கே சொல்லியாயிற்று.

பிராம்ப்டில் (கட்டளை அடிக்கிற இடத்துக்கு முன்னால் தானாக வருகிற எழுத்து) சிஸ்டம் பெயர் இருக்கிறதே, பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒரு நாளைக்கு நானூறு தடவை கண்ணில் படுகிற ஒன்றை யார் படிக்கிறார்கள்?

இதோடு இன்னும் மூன்று தொல்லை.

ஒரு நாள் பின்னணி, எழுத்து, பேலட் (நிறத் தொகுப்பு) எல்லாவற்றையும் சோலரைஸ்ட் டார்க்குக்கு மாற்றிப் பார்த்தேன். தடித்த எழுத்து பளிச்சென்று தெரியட்டும் என்று, போல்டை பிரைட் கலரில் காட்டு என்ற கட்டத்தில் நானே டிக்கும் வைத்தேன். அதற்கப்புறம் நீலமாக இருந்த ஃபோல்டர் பெயர்கள் சாதாரண எழுத்தின் நிறத்துக்கே வந்துவிட்டன. பச்சையாக இருந்த பிராம்ப்ட் சாம்பல் பூத்துப்போனது. பேக்கப் ஸ்கிரிப்ட் காட்டுகிற சில வரிகள் கண்ணுக்கே தெரியவில்லை. மவுஸால் இழுத்து செலக்ட் செய்தால் எழுத்து இருக்கிறது!

அடுத்தது, சர்வரில் எல்லோரும் ஃபைல் போடுகிற பொது ஃபோல்டர்கள் பச்சைப் பட்டையின் மேல் நீல எழுத்தில் வருகின்றன. இப்படி ஒரு புரூஃபை யாராவது என் மேஜைக்குக் கொண்டுவந்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன்.

கடைசியாக, தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. பேக்ஸ்பேஸ் அடித்தால் எது போகிறது, எது நிற்கிறது என்றே தெரிவதில்லை.

வயது 47, வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டிருக்கிறேன். அழகெல்லாம் வேண்டாம், எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தால் போதும்.

———

கருந்திரை எழுதியது:

அக்கா, உங்களுக்கு நடந்தது இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு தடவையாவது நடந்திருக்கும். வெளியே சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

முதலில் சுலபமான வழி. உபுண்டுவில் இருப்பது க்னோம் டெர்மினல். மூன்று கோடு மெனுவில் பிரிஃபரன்சஸ் போங்கள். இடது பக்கம் புரொஃபைல்ஸ் என்று இருக்கும், பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. அதைத் தட்டி இரண்டு புது புரொஃபைல் செய்யுங்கள், ஒன்று சர்வருக்கு, ஒன்று மாடி சிஸ்டத்துக்கு. பெயர் இடைவெளி இல்லாத ஒரே சொல்லாக இருந்தால் பிற்பாடு வசதி.

ஒவ்வொன்றிலும் கலர்ஸ் டேபுக்குப் போய், சிஸ்டம் தீமின் கலரையே எடுத்துக்கொள் என்ற டிக்கை முதலில் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை கீழே உள்ள பின்னணி, எழுத்து நிறங்களைத் தொட விடாது. பலர் இங்கேதான் மாட்டிக்கொண்டு, கலர் மாற மாட்டேன் என்கிறது என்று வந்து நிற்பார்கள். சர்வருக்குக் கருஞ்சிவப்புப் பின்னணி, மாடிக்குக் கரும்பச்சை. உங்கள் சிஸ்டம் இப்போதிருக்கிற கத்திரிப்பூவிலேயே இருக்கட்டும்.

அப்புறம் கமாண்ட் டேப். வழக்கமான ஷெல்லுக்குப் பதில் இந்தக் கட்டளையை ஓட்டு என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டு, நீங்கள் தினமும் அடிக்கிற எஸ்எஸ்எச் வரியை அப்படியே அங்கே எழுதுங்கள். கட்டளை முடிந்ததும் என்ன செய்ய என்ற இடத்தில் விண்டோவைத் திறந்தபடி வை என்பதைத் தேர்ந்தெடுங்கள். மறுபடி ஓட்டு என்று வைத்தால், சர்வர் அணைந்திருக்கும்போது அது பாட்டுக்குக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

இனி சிவப்பு விண்டோ திறந்தாலே சர்வர். அதில் புது டேப் போட்டாலும் அதே புரொஃபைல்தான், அதுவும் சர்வருக்கே போகும். செட்டிங்ஸில் கீபோர்டு ஷார்ட்கட் ஒன்று வைத்துக்கொள்ளலாம். கட்டளை க்னோம்-டெர்மினல், ஒரு இடைவெளி, இரண்டு ஹைபன், புரொஃபைல், சமக்குறி, பெயர். சேர்த்து அடித்தால் அந்த விண்டோ நேராகத் திறக்கும்.

———

அரிசி மூட்டை எழுதியது:

அக்கா, என்ன நீங்கள் இன்னும் டிஃபால்ட் டெர்மினலிலேயே இருக்கிறீர்கள்! கிட்டி அல்லது அலக்ரிட்டி போடுங்கள். பின்னணியை 70 சதவீதம் கண்ணாடி மாதிரி ஆக்கி, பின்னால் ஒரு நல்ல வால்பேப்பர். பிராம்ப்டுக்கு ஸ்டார்ஷிப், ஃபாண்டுக்கு நெர்ட் ஃபாண்ட் ஒன்று. அம்புக்குறி, பூட்டு, ஃபோல்டர் படம் எல்லாம் பிராம்ப்டிலேயே வரும். என் ஸ்கிரீன்ஷாட் பார்த்தால் அசந்துவிடுவீர்கள்.

———

பிளேட்காரி எழுதியது:

தம்பி, உன் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தின்மேல் சின்ன எழுத்தை ரிவர்ஸில் போட்டால் என்ன ஆகும் என்று எங்கள் மெஷின்மேனைக் கேட்டுப் பார். எழுத்துக்குப் பின்னால் ஒரு இடம் வெளுப்பு, ஒரு இடம் கருப்பு. எந்தக் கலர் எழுத்து வைத்தாலும் எங்காவது ஓர் இடத்தில் முழுகிப்போகும். என் கண்ணுக்குத் தட்டையான ஒரே நிறம்தான் சரி.

கருந்திரை தம்பி, புரொஃபைல் செய்துவிட்டேன். நன்றாக இருக்கிறது. ஆனால் முந்தாநாளே ஓட்டை ஒன்று கண்ணில் பட்டது. பழக்க தோஷத்தில் கத்திரிப்பூ விண்டோவிலேயே எஸ்எஸ்எச் அடித்து உள்ளே போய்விட்டேன். விண்டோ கத்திரிப்பூ, நான் நிற்பதோ சர்வரில். இது முன்னைவிட மோசம் இல்லையா? முன்பு கலரை நம்பவில்லை, இப்போது நம்புகிறேன்.

———

விடி220 எழுதியது:

அம்மா, நான் பணி ஓய்வு பெற்றவன். கணினி அறைகளில் காலம் தள்ளியவன். என் பெயரில் இருக்கும் விடி220, டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் டெர்மினல், திரையும் கீபோர்டும் கொண்ட பெட்டி. பச்சை, வெள்ளை, அம்பர் என்று மூன்று வகைத் திரையில் வந்தது. நான் உட்கார்ந்தது அம்பர் முன்னால். உங்கள் டெர்மினலைப் புதிதாகத் திறந்தால் 80 எழுத்து அகலம், 24 வரி உயரம் வருகிறது அல்லவா? அது 1978இல் வந்த விடி100 காலத்து அளவு. பெட்டி போய்விட்டது, அளவு மட்டும் இன்னும் நிற்கிறது.

சோலரைஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். டெர்மினலுக்கு அடிப்படையில் 16 நிறக் கிண்ணங்கள். 0 முதல் 7 வரை சாதாரணம்: கருப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், மெஜந்தா, சயான், வெள்ளை. 8 முதல் 15 வரை அவற்றின் பளிச் வடிவங்கள். பழைய ஐபிஎம் பிசியின் கலர் கார்டில் ஒரே ஒரு கூடுதல் பிட், பிரகாசத்துக்கென்று. அதைப் போட்டால் 8 நிறம் 16 ஆகும். போல்டுக்குப் பதில் பளிச் நிறம் காட்டுகிற பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

சோலரைஸ்டை 2011இல் வெளியிட்ட ஈத்தன் ஷூனோவர் இந்த வழக்கத்தை மதிக்கவில்லை. அவருக்கு 8 வண்ணமும், பின்னணியிலிருந்து எழுத்து வரை 8 படி சாம்பலும் வேண்டியிருந்தன. சாம்பலுக்குத் தனி இடம் ஏது? பளிச் கிண்ணங்களிலேயே பெரும்பாலானதை ஊற்றிவிட்டார். ஆகவே அந்தப் பேலட்டில் 10ஆம் கிண்ணம் பளிச் பச்சை இல்லை, சாம்பல். 12ஆம் கிண்ணம் பளிச் நீலம் இல்லை, சாதாரண எழுத்தின் அதே நிறம், 131, 148, 150. 8ஆம் கிண்ணம் இருக்கிறதே, அது பின்னணியேதான்: 0, 43, 54. பின்னணி மையாலேயே எழுதினால் எப்படித் தெரியும்?

உபுண்டுவின் பிராம்ப்ட் தடித்த பச்சை, ஃபோல்டர் தடித்த நீலம். நீங்கள் டிக் வைத்ததும் 2 என்பது 10 ஆயிற்று, 4 என்பது 12 ஆயிற்று. டிக்கை எடுங்கள், இரண்டும் திரும்பிவிடும். உங்கள் பேக்கப் ஸ்கிரிப்ட் நேராக 8ஆம் கிண்ணத்தையே கேட்டு எழுதுகிறது என்றால் அந்த வரி மட்டும் அப்போதும் வராது. பேலட் வரிசையில் 8ஆம் கட்டத்தை, அதாவது இரண்டாம் வரிசையில் முதல் கட்டத்தை, கொஞ்சம் வெளுப்பான சாம்பலாக மாற்றிவிடுங்கள். மூலத்துக்கு விசுவாசம் போய்விடும், பரவாயில்லை.

———

நெட்டிலிங்கம் எழுதியது:

பிளேட்காரி அக்கா சொன்ன ஓட்டை உண்மையானதுதான். அதை அடைக்கும் முன் ஒரு விஷயம். எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரியாது. கருந்திரை சொன்ன கருஞ்சிவப்பும் கரும்பச்சையும் எனக்கு ஒரே சேற்று நிறம். உங்கள் டிசைன் பையன்களில் யாருக்காவது அப்படி இருந்தால் அவர்களே உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். மாடிக்குப் பச்சை வேண்டாம், கருநீலம் வையுங்கள். கலரோடு ஓர் எழுத்தும் சேர்ந்தே இருக்கட்டும்.

பின்னணியை ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். டெர்மினலுக்கு அனுப்புகிற ரகசியக் குறி அது. பிரிண்ட்எஃப் என்ற கட்டளைக்குப் பின் ஒற்றை மேற்கோளுக்குள் இதைப் போடுங்கள்:

'\033]11;#400000\007'

என்டர் தட்டியவுடன் விண்டோ கருஞ்சிவப்பாகும். பழையபடி ஆக்க:

'\033]111\007'

இந்த இரண்டுக்கும் நடுவில் எஸ்எஸ்எச்சை வைத்துவிட்டால் வேலை முடிந்தது. உங்கள் சிஸ்டத்தில், டெர்மினல் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படுகிற பாஷ்ஆர்சி ஃபைலில், எஸ்எஸ்எச் என்ற பெயரிலேயே ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். உள்ளே மூன்று வரி: முதல் பிரிண்ட்எஃப், அப்புறம் நிஜமான எஸ்எஸ்எச், அப்புறம் இரண்டாம் பிரிண்ட்எஃப். நடு வரியில் எஸ்எஸ்எச்சுக்கு முன்னால் கமாண்ட் என்ற சொல்லைக் கட்டாயம் போட வேண்டும், பின்னால் "$@" என்பதும் வேண்டும். கமாண்ட் இல்லாவிட்டால் ஃபங்ஷன் தன்னைத்தானே கூப்பிட்டு, அது மறுபடி தன்னைக் கூப்பிட்டு, நாய் வாலைத் துரத்துகிற கதைதான். இனி எந்த விண்டோவில் எஸ்எஸ்எச் அடித்தாலும் சிவக்கும். எக்சிட் கொடுத்தாலோ லைன் அறுந்தாலோ தானாகப் பழைய நிறத்துக்கு வரும். விம் எடிட்டர் மாதிரித் திரை முழுக்கத் தன் கலரைப் பூசிக்கொள்கிற புரோகிராமில் மட்டும் சிவப்பு மறைந்திருக்கும், அதிலிருந்து வெளியே வந்தால் தெரியும்.

ஆனால் இது உங்கள் மேஜையிலிருந்து போனால்தான். வேறு யாராவது தன் லேப்டாப்பிலிருந்து சர்வருக்குள் போனால்? அதற்கு சர்வரின் பிராம்ப்டையே மாற்ற வேண்டும். சர்வருக்குள் போய் அங்கே உள்ள பாஷ்ஆர்சியின் கடைசியில் பிஎஸ்1 வரி (பிராம்ப்ட் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது) ஒன்று சேருங்கள். முன்னால் பெரிய எழுத்தில் சர்வர் என்று, சிவப்புப் பட்டை மேல் வெள்ளை எழுத்தில். பட்டைக்கு 41, வெள்ளைக்கு 97, முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்ற 0. ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசராக, மாறினால் ரூட்டுக்குத் தனி பாஷ்ஆர்சி உண்டு, அதிலும் மறக்காமல் போடுங்கள். ஆபத்து அங்கேதான் அதிகம்.

கேடிஈ டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. அதன் டெர்மினலான கான்சோலில் கலர் ஸ்கீமுக்குள் ஒவ்வொரு டேபுக்கும் பின்னணியைக் கொஞ்சம் மாற்றிக் காட்டு என்று ஓர் ஆப்ஷன் உண்டு, எக்ஸ்எஃப்சிஈ டெர்மினலிலும் உண்டு. டேப்களைப் பிரித்துப் பார்க்க உதவும், ஆனால் எந்த நிறம் வரும் என்பது அதன் இஷ்டம். உங்கள் தேவைக்கு ஆகாது.

———

பிளேட்காரி எழுதியது:

எஸ்எஸ்எச் ஃபங்ஷன் வேலை செய்கிறது! கத்திரிப்பூ விண்டோ கண் முன்னாலேயே சிவந்தபோது டிசைன் பையன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பார்க்க வந்துவிட்டான். முதல் தடவை கமாண்ட் என்ற சொல்லை விட்டுவிட்டு, நாய் வாலையும் பார்த்தேன்.

டிக்கை எடுத்தேன், ஃபோல்டர்கள் நீலமாயின. ஐயாவுக்கு நன்றி. பின்னணி மையால் எழுதுவது என்று சொன்னீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

ஆனால் சர்வர் பிராம்ப்ட் ஒரு வினோதம் செய்கிறது. சிவப்புப் பட்டை வந்துவிட்டது. சின்னக் கட்டளை அடித்தால் சரியாக இருக்கிறது. நீளமாக அடித்தால், வரி விளிம்பைத் தொடும் முன்பே மடங்கி, அதே வரியின் தொடக்கத்துக்கு வந்து முன்பு அடித்ததன் மேலேயே எழுதுகிறது. மேல் அம்புக்குறி தட்டிப் பழைய கட்டளையைக் கொண்டுவந்தால் பாதி எழுத்து மிச்சம் நிற்கிறது. ரிஜிஸ்டர் தப்பி, கலர் விலகி விழுந்த அச்சு மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு செய்தேன்?

———

நெட்டிலிங்கம் எழுதியது:

தப்பு என்னுடையது அக்கா, சொல்ல விட்டுவிட்டேன். பிராம்ப்ட் எத்தனை எழுத்து அகலம் என்று பாஷ் (நாம் அடிக்கிற கட்டளையை வாங்கி ஓட்டுகிற ஷெல்) எண்ணி வைத்துக்கொண்டுதான் வரியை எங்கே மடக்குவது என்று முடிவு செய்கிறது. கலர் குறிகள் திரையில் இடம் பிடிப்பதில்லை. ஆனால் நாம் சொல்லாவிட்டால் பாஷுக்கு அது தெரியாது, அவற்றையும் எழுத்தாக எண்ணிவிடுகிறது. கணக்கு பத்துப் பன்னிரண்டு எழுத்து கூடிப்போகிறது.

ஒவ்வொரு கலர் குறிக்கும் முன்னால் \[ என்றும், அது முடிந்ததும் \] என்றும் போடுங்கள். இதற்குள் இருப்பதை எண்ணாதே என்று அர்த்தம். சிவப்புப் பட்டை தொடங்குகிற இடம் \[\033[41;97 என்று வந்து, ஒரு சின்ன எம், அப்புறம் \] என்று மூட வேண்டும். கழற்றுகிற இடத்திலும் அப்படியே: \[\033[0 அப்புறம் எம், அப்புறம் \]. தெரிய வேண்டிய எழுத்துகள் இந்த அடைப்புக்கு வெளியே இருக்க வேண்டும். சர்வர் என்ற சொல்லையும் சேர்த்து உள்ளே போட்டுவிட்டால் கணக்கு இந்தப் பக்கம் குறைந்து, வேறு விதமாக உதைக்கும்.

சர்வர் என்பதைத் தமிழில் எழுதியிருந்தால் பிராம்ப்டில் மட்டும் ஆங்கிலத்திலோ எண்ணிலோ வையுங்கள். காரணம் அடுத்தவர் சொல்வார்.

———

உயிர்மெய் எழுதியது:

அடுத்தவர் நான்தான் போல.

டெர்மினல் என்பது கட்டம் போட்ட கணக்கு நோட்டு. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, எல்லாக் கட்டமும் ஒரே அகலம். ஆங்கிலம் அதில் கச்சிதமாக உட்காரும். தமிழில் 'கொ' என்று எழுதினால் கண்ணுக்குக் கொம்பு, க, கால் என மூன்று துண்டு. யூனிகோடில் இரண்டே குறி, அதில் க முதலில், ஒகரக் குறி பிறகு. புள்ளிக்கும் ஈகாரக் குறிக்கும் தனிக் கட்டம் கிடையாது, முந்தைய எழுத்தின் தலையிலேயே உட்கார வேண்டும். ஆகாரக் காலுக்கு இடம் வேண்டும். போதாததற்கு ண, ஞ, ஔ எல்லாம் ஒரு கட்டத்தில் அடங்குகிற உடம்பா? ஷெல் ஒரு கணக்கு வைத்திருக்கும், வரைகிறவர் இன்னொரு கணக்கு வைத்திருப்பார். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் உங்கள் பேக்ஸ்பேஸ் தடுமாறுகிறது. பழைய எக்ஸ்டெர்மில் பார்த்தால் இன்னும் வேடிக்கை, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

முழுத் தீர்வு என்று இதற்கு எதையும் சொல்ல மாட்டேன். எம்எல்டெர்ம் என்று ஒரு டெர்மினல் உண்டு, இந்திய மொழிகளையும் மனதில் வைத்தே செய்தது. தோற்றம் பழசு, அமைப்பு மெனு திறக்கவே தனியாகப் பழக வேண்டும். இரண்டு நாள் வைத்துப் பாருங்கள், பிடித்தால் சரி.

க்னோம் டெர்மினலிலேயே இருப்பது என்றால், புரொஃபைலின் டெக்ஸ்ட் டேபில் செல் ஸ்பேசிங் என்று இரண்டு எண் இருக்கும், அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. இரண்டும் 1இல் தொடங்கி 2 வரை போகும். அகலத்தை 1.2 ஆக்கினால் தமிழ் எழுத்துகள் மூச்சுவிடும், ஆங்கிலம் கொஞ்சம் பல் இளிக்கும். உயரத்தை 1.1 வைத்தால் கு, மு, ழு வகையறா கீழ் வரியை இடிக்காது. ஃபாண்டும் அங்கேயே. உபுண்டு மோனோ ஒல்லியான ஃபாண்ட், 13இல் வைத்தாலும் சின்னதாகத் தெரியும். டெஜாவு சான்ஸ் மோனோவை அதே அளவில் போட்டுப் பாருங்கள், வெள்ளெழுத்துக்கு நல்லது.

எல்லாவற்றையும்விட, ஃபோல்டர் பெயரில் ஜாப் நம்பரை முன்னால் வையுங்கள். 4217-முருகன்-ஸ்டோர்ஸ் என்று இருந்தால் 4217 அடித்து டேப் தட்டினால் போதும், மிச்சத் தமிழை ஷெல்லே நிரப்பிக்கொள்ளும். தமிழைப் படிக்க மட்டும் வேண்டும், அடிக்கவோ அழிக்கவோ வேண்டியதில்லை.

———

கருந்திரை எழுதியது:

பச்சை மேல் நீலத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அக்கா, அது அலங்காரம் இல்லை, எச்சரிக்கை. எந்த யூசர் வேண்டுமானாலும் இந்த ஃபோல்டரில் எழுதலாம், அழிக்கலாம் என்று இருந்தால், ஃபைல்களைப் பட்டியலிடுகிற எல்எஸ் கட்டளை அப்படித்தான் காட்டும். ஏற்கெனவே இருந்தவர் பொது ஃபோல்டருக்கு 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்துவிட்டுப் போயிருப்பார். எல்லோரையும் ஒரு குரூப்பில் சேர்த்து 2775 (உரிமையாளரும் குரூப்பும் மட்டும் எழுதலாம்) கொடுத்தால் பச்சை தானாகப் போய்விடும், பாதுகாப்பும் கூடும். சாம்பா (விண்டோஸ் சிஸ்டங்களோடு ஃபைல் பகிர்கிற புரோகிராம்) வழியாக வருகிற ஃபைல்களுக்கும் அதே குரூப் வருகிறதா என்று ஒரு தடவை சோதித்துவிட்டுச் செய்யுங்கள், சீசன் நேரத்தில் யாரும் ஃபைல் போட முடியாமல் நிற்கக் கூடாது.

அதுவரை கண்ணுக்கு வசதி வேண்டும் என்றால், எல்எஸ்ஸின் நிறங்களைக் காட்டுகிற டிர்கலர்ஸ் கட்டளையை ஹைபன் பி போட்டு ஓட்டி, வருகிறதை உங்கள் ஹோமில் புள்ளி-டிர்கலர்ஸ் என்ற ஃபைலில் சேமியுங்கள். அதில் அதர் ரைட்டபிள் என்ற வரியில் 34;42 என்று இருக்கும். 34 நீல எழுத்து, 42 பச்சைப் பட்டை. அதை 30;43 ஆக்குங்கள், மஞ்சள் மேல் கருப்பு. எச்சரிக்கையும் நிற்கும், படிக்கவும் முடியும். உபுண்டு, டெபியன் இரண்டிலும் வழக்கமான பாஷ்ஆர்சி இந்த ஃபைல் இருந்தால் தானே எடுத்துக்கொள்ளும். சர்வரில் செய்ய வேண்டும், உங்கள் மேஜையில் இல்லை. எல்எஸ் ஓடுவது அங்கே.

புரொஃபைலெல்லாம் திருப்தியான பிறகு டிகான்ஃப் (செட்டிங்ஸைப் படித்து எழுதுகிற கட்டளை) டம்ப் போட்டு ஒரு ஃபைலில் எடுத்து வையுங்கள். பாதை /ஓஆர்ஜி/க்னோம்/டெர்மினல்/லெகசி/புரொஃபைல்ஸ்:/ என்று முடியும், கடைசிக் கோலனும் கோடும் முக்கியம். சிஸ்டம் மாற்றினால் டிகான்ஃப் லோடு போட்டுத் திரும்பக் கொண்டுவரலாம்.

———

பிளேட்காரி எழுதியது:

எல்லாம் செய்தாயிற்று, நேற்றோடு ஒன்பது நாள் ஆகிறது.

மேஜை கத்திரிப்பூ, சர்வர் கருஞ்சிவப்பு, மாடி கருநீலம். நெட்டிலிங்கம் சொன்னதைக் கேட்டு, டிசைன் பையன்கள் நாலு பேரையும் கூப்பிட்டு என்ன கலர் தெரிகிறது என்று கேட்டேன். நாலு பேரும் சரியாகச் சொன்னார்கள். ஆனால் கட்டிங் மெஷின் அண்ணன் வேடிக்கை பார்க்க வந்தவர், பழைய பச்சையையும் சிவப்பையும் பக்கத்தில் வைத்தபோது இரண்டும் பிரவுன்தானே என்றார். இத்தனை வருஷம் அவர் காகிதக் கட்டை கலர் பார்த்து அடுக்கவே மாட்டார், லேபிள் படித்துத்தான் அடுக்குவார். இப்போதுதான் காரணம் தெரிகிறது.

அடைப்புக்குறி போட்டதும் சர்வர் பிராம்ப்ட் ஒழுங்காகிவிட்டது. ரூட்டுக்கும் போட்டேன். டெஜாவு 14, அகலம் 1.1 போதும் என்று தோன்றியது, 1.2இல் ஆங்கிலம் நிஜமாகவே பல் இளித்தது. எம்எல்டெர்ம் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தேன். கொம்பு கொம்பின் இடத்தில் நின்றது, மனசுக்கு நிறைவாக இருந்தது, ஆனால் மெனு எனக்குப் பிடிபடவில்லை. சீசன் முடிந்து பார்த்துக்கொள்கிறேன். பொது ஃபோல்டரின் 777ஐயும் தையில்தான் தொடுவேன். அதுவரை மஞ்சள் மேல் கருப்பு.

நேற்று சாயங்காலம் ஒரு கூத்து. முதலாளி என் பின்னால் வந்து நின்றார். நான் சர்வரில் இருந்தேன், திரை முழுக்கச் சிவப்பு. என்னம்மா, எல்லாம் சிவப்பாகக் கிடக்கிறது, சிஸ்டம் போய்விட்டதா என்று பதறிவிட்டார். இல்லை சார், இது சர்வர் என்று அடையாளம் தெரிவதற்காக என்றேன். ஏன், இத்தனை நாள் தெரியவில்லையா என்றார்.

நான் 4217இன் புரூஃபை எடுத்து அவர் கையில் கொடுத்து, கடைப் பட்டையில் போன் நம்பர் சரியா என்று பாருங்கள் சார் என்று பேச்சை மாற்றிவிட்டேன்.